பாதியில நின்ன காரை முடிக்கிறது எப்படி?

கேள்வி: 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), பாதி பிரிச்சபடி 12 வருஷமா ஷெட்ல நிக்குது. இன்ஜின் அப்பவே ஓவர்ஹால் பண்ணியாச்சு. இப்ப முடிச்சே ஆகணும், பெயின்ட்ல ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாங்க, பெயின்ட் கடைசி. எம்ஜிபிக்கு தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேஸி, அதனால கதவுக்கு கீழ நீளமா ஓடுற ‘சில்’ (sill) பகுதி துருப்பிடிச்சிருந்தா மொத்த காருக்கும் பலம் போச்சு, ஸ்க்ரூடிரைவரால அழுத்தமா குத்திப் பாருங்க, உள்ள இறங்குச்சுன்னா வெட்டி மாத்தித்தான் ஆகணும். ஆனா வெட்டறதுக்கு முன்னாடி கதவு இடைவெளியில குறுக்க கம்பி வெல்ட் பண்ணிடுங்க, ரோட்ஸ்டர்ல மேல கூரையும் இல்லையா, பாடி நடுவுல தொய்ஞ்சிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியா மூடாது.

இன்ஜின் புதுசா பண்ணதுதானேன்னு நேரா செல்ஃப் அடிச்சிடாதீங்க ப்ளீஸ். பிளக்கை கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு, ரெண்டு நாள் ஊறவிட்டு, கையால மெதுவா சுத்திப் பாருங்க. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், பிரேக் சிலிண்டர் உள்ள துருப்பிடிச்சிருக்கும், பிரேக் ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு போடுங்க, பார்க்க நல்லா இருந்தாலும் சரி. டேங்க்ல பழைய பெட்ரோல் பிசினாயிருக்கும், அதையும் கழுவிடுங்க.

முதல்ல காரை சொந்தமா உருண்டு சொந்தமா நிக்க வைங்க சார், 12 வருஷம் காத்திருந்த வண்டி, பெயின்ட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கும்.