பள்ளிச் சுவரை ஒட்டிய பெட்டிக்கடை: புகையிலைச் சட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

சுகாதாரத் துறையில் புகையிலைத் தடுப்புப் பணியில் பல வருடம் அலைந்தவன் என்பதால், இந்தத் தலைப்பில் வரும் கடிதங்களைத் தனியாக எடுத்து வைப்பேன். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் கேட்பது ஒன்றைத்தான்: “தப்பு என்று தெரிகிறது, யாரிடம் போய்ச் சொல்வது?”

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள பெட்டிக்கடையில் சிகரெட் விற்கிறார்கள். கேட்டால், “பள்ளி கேட்டிலிருந்து ரோடு வழியாக அளந்து பாருங்கள், நூறு கஜத்துக்கு மேல் வரும்” என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது சரியா? — ஒரு தாய், திண்டுக்கல்

சரியில்லை. சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், அதாவது நாம் ‘கோட்பா’ என்று சொல்லும் 2003-ஆம் வருடச் சட்டத்தின் 6-வது பிரிவு, கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது. நூறு கஜம் என்றால் சுமார் 91 மீட்டர். அதை அளக்க வேண்டியது காம்பவுண்டுச் சுவரின் வெளி விளிம்பிலிருந்து, நேர்கோட்டில், எல்லாத் திசையிலும். கேட் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு ஊரில் டேப்பைப் பிடித்து நானே அளந்திருக்கிறேன். பள்ளியின் கேட் ஒரு தெருவில், கடை பின்தெருவில். ரோடு வழியாகச் சுற்றினால் 150 மீட்டருக்கு மேல் வந்தது. ஆனால் கடையின் பின்பலகை பள்ளிச் சுவர் மேலேயே சாய்ந்திருந்தது! கடலை மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் சிகரெட் பெட்டிகள், ஐந்தாம் வகுப்புப் பையன் கையை நீட்டினால் எட்டும் உயரத்தில். இப்படிச் சிறுவர் கண்ணில் படும்படி வைப்பதையும் விதி தடுக்கிறது.

முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். தன் பள்ளி எல்லைக்கு அபராதம் போட அவருக்கே அதிகாரம் உண்டு, பலருக்கு அது தெரியாது. அவர் தயங்கினால் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர். அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய்தான். 2003-இல் எழுதிய தொகை, இன்று அது கடைக்காரரின் அரை நாள் லாபம்கூட இருக்காது. இதை உயர்த்தாமல் வைத்திருப்பது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

ஆனால் அதே கடை பையன்களுக்கே விற்கிறது என்றால் கதை வேறு. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 77-வது பிரிவில், குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகாரில் இந்தப் பிரிவு எண்ணை எழுதுங்கள். 200 ரூபாய் என்றால் சிரிக்கிற கடைக்காரர் இதைக் கேட்டால் சிரிக்க மாட்டார்.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. “அப்பாவுக்குத்தான் வாங்குறேன்” என்று பையன் சொன்னாலும் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. 18 வயது ஆகிவிட்டதா என்று பார்க்கும் பொறுப்பு விற்பவருடையது. பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து புகைப்பது குற்றமா? கடைக்காரருக்கு இதில் பொறுப்பு இல்லையா? — வாசகர், விழுப்புரம்

குற்றம்தான். பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கச் சொல்லி 2001-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்போதுள்ள விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கின்றன. உணவகம், சிற்றுண்டிக் கடை, அலுவலகம், பஸ் நிலையம், ரயில் நிலையம் எல்லாம் அதில் அடக்கம். கடைக்கு வெளியே நடுத்தெருவில் நிற்பவர் விஷயத்தில்தான் சட்டத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது.

உரிமையாளருக்கு நிறையவே பொறுப்பு உண்டு. புகைபிடிக்கக் கூடாது என்ற பலகை வைக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்பதையும் அதில் எழுத வேண்டும். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் அங்கே வைத்துக் கொடுக்கக் கூடாது. நம் ஊரில் தூணில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு நுனியில் நெருப்பைக் கனிய விட்டிருப்பார்களே, அதுவும் லைட்டர் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. நான் ஆய்வுக்குப் போனால் முதலில் அந்தக் கயிற்றைத்தான் தேடுவேன். இங்கே அபராதம் 200 ரூபாய் வரை. கர்நாடகம் அதை 1,000 ரூபாயாக்கி, வாங்கும் வயதையும் 21-ஆக உயர்த்திவிட்டது. நாமும் செய்யலாம்.

துபாயிலிருந்து வரும் அண்ணன் தன் உபயோகத்துக்கு ஒரு வேப் (மின்சிகரெட்) கொண்டு வருவதாகச் சொல்கிறார். ஒன்றே ஒன்றுதான். பிரச்சினை வருமா? — கல்லூரி மாணவர், திருச்சி

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் தம்பி. 2019-இன் மின்சிகரெட் தடைச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் என எல்லாவற்றையும் தடுக்கிறது. சொந்த உபயோகத்துக்கு ஒன்று என்ற சலுகை அதில் கிடையாது. முதல் முறை சிக்கினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “இதில் நிகோடினே இல்லை, வெறும் ஃப்ளேவர்” என்று விற்பார்கள். நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கருவி தடைக்குள்தான் வருகிறது. புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் வகையும் அப்படியே.

குட்காவுக்குத் தடை, சிகரெட்டுக்கு இல்லை. இது என்ன நியாயம்? — வாசகர், சேலம்

கோபம் நியாயமானது, காரணம் சட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. குட்காவை மென்று உள்ளே தள்ளுகிறோம், அதனால் அதை உணவு என்று கருதுகிறார்கள். எந்த உணவிலும் புகையிலையோ நிகோடினோ சேர்க்கக் கூடாது என்று 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் தமிழ்நாட்டில் 2013 முதல் வருடா வருடம் தடை ஆணை போட்டு வருகிறார்கள். சிகரெட் உணவில்லை. அது கோட்பா சட்டத்தின் கீழ் மட்டும் வருகிறது, அந்தச் சட்டமோ கட்டுப்படுத்துமே தவிர ஒழிக்காது.

வருடா வருடம் ஆணை போடுவதிலும் சிக்கல் வந்தது. தற்காலிக அதிகாரத்தை நிரந்தரத் தடைபோல நீட்டிக்க முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஒருவரின் கையெழுத்தை நம்பி நிற்கும் தடை இப்படித்தான் ஆடும். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ நேரடியாகச் சட்டம் இயற்றுவதுதான் பலம்.

இன்னொரு தந்திரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சரம் சரமாகத் தொங்கும் ஒரு பாக்கெட்டில் வெறும் பான் மசாலா, புகையிலை இல்லை என்றே எழுதியிருக்கும். பக்கத்துச் சரத்தில் வெறும் புகையிலைத்தூள். இரண்டையும் சேர்த்து வாங்கி உள்ளங்கையில் கொட்டிக் கலந்தால் குட்கா தயார். புகார் எழுதும்போது இரண்டும் சேர்த்தே விற்கப்படுவதைக் குறிப்பிட்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு அனுப்புங்கள்.

இருபது வருடமாகப் பீடி சுற்றுகிறேன். கட்டு மேலே அந்தப் படத்தைப் போட்டுப் பயமுறுத்துகிறார்கள். பீடியை நிறுத்திவிட்டால் நாங்கள் என்ன செய்வது? — ஒரு தொழிலாளி, தென்காசி மாவட்டம்

அம்மா, பீடியைத் தடை செய்யும் சட்டம் எதுவும் இல்லை. அந்த எச்சரிக்கைப் படம் 2009-இல் வந்தது, 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் 85 சதவீதத்தை அது பிடித்துக்கொண்டது. சிகரெட்டுக்கும் பீடிக்கும் ஒரே விதிதான்.

முக்கூடல் பக்கம் திண்ணைகளில் உங்களைப் போன்றவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் தட்டு, கத்தரி, வெட்டிய இலை, விரல் நகத்தில் ஏறிய மஞ்சள், பக்கத்தில் தூங்கும் குழந்தைக்கும் சேர்த்துத் தூள் நெடி. உங்கள் பெயரைச் சொல்லித்தான் பீடிக்கு வரிச்சலுகை கேட்டார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்குக் கூடுதலாகப் போட்ட இழப்பீட்டு வரியைப் பீடிக்குப் போடவில்லை. 2025 செப்டம்பரில் 28 சதவீதத்தை 18 ஆகக் குறைக்கவும் கவுன்சில் முடிவெடுத்தது. அந்தச் சலுகையில் ஆயிரம் பீடிக்கான உங்கள் கூலிக்கு எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டில் சுற்றுபவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாஸ்புக்கில் உங்கள் பெயர் இருக்கிறதா, மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். புகையிலைத் தொழிலாளருக்கு மாற்று வாழ்வாதாரம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கை 17-வது பிரிவில் இருக்கிறது. இந்தியா அதை 2004-இல் ஏற்றது. படத்தைப் பெரிதாக்கிய வேகத்தில் இதைச் செய்யவில்லை என்பதே என் குறை.

ஓ.டி.டி.யில் ஏன் திடீரென்று எச்சரிக்கை வாசகம்? — வாசகி, கோவை

திரையில் புகைக்கும் காட்சி வந்தால் எச்சரிக்கை காட்ட வேண்டும் என்று தியேட்டருக்கு இருந்த விதியை 2023 செப்டம்பர் 1 முதல் ஓ.டி.டி.க்கும் நீட்டித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

அப்பா முப்பது வருடமாகப் புகைக்கிறார், விட நினைக்கிறார். நிகோடின் சூயிங்கம் வாங்க மருந்துச் சீட்டு வேண்டுமா? — வாசகி, நாகர்கோவில்

2 மில்லிகிராம் சீட்டு இல்லாமல் கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லக் கூடாது. நாக்கில் சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும், காரம் அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு. வாயில் இருக்கும்போதும், அதற்குக் கால் மணி நேரம் முன்னாலும் காபி, டீ வேண்டாம். நம் அப்பாக்கள் இதில்தான் தவறுவார்கள்.

அவர் சட்டைப் பையில் இருக்கும் சிகரெட் பெட்டியிலேயே, புகையை விட உதவும் 1800-11-2356 என்ற எண் இருக்கும். இலவசம். தென் மாநிலங்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மையம் உண்டு, தமிழிலும் பேசலாம். கூப்பிடும் முன் ஒன்றைக் கவனித்து வையுங்கள்: காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறார்? அரை மணிக்குள் என்றால் 2 மில்லிகிராம் அவருக்குப் போதாமல் போகலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.