எதிர்க்கட்சி எம்.பி. எப்படி வாக்களித்தார்? தேடிப் பார்ப்பது எப்படி? (கேள்வி பதில்)

2024 தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஜெயித்தவர்கள் மக்களவையில் எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். "நாம் அனுப்பிய ஆள் அங்கே எதை ஆதரித்தார், எதை எதிர்த்தார்?" என்று அப்போதிருந்தே பலரும் கேட்டுவருகிறார்கள். நாடாளுமன்ற அவைக்குறிப்புகளை நெடுநாளாகப் படித்து வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவர், விருதுநகர்: சார், 2023-ல் நிறைவேறிய குற்றவியல் சட்ட மசோதாக்களுக்கு எங்கள் எம்.பி. ஆதரவா எதிர்ப்பா என்று இணையத்தில் தேடினேன். ஒன்றுமே கிடைக்கவில்லை. எங்கே பார்ப்பது?

எங்கேயும் கிடைக்காது தம்பி. அந்த மூன்று மசோதாக்களும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியவை. நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்களின் கதை இதுதான். அவைத்தலைவர் "ஆதரிப்பவர்கள் ஆம் என்க, எதிர்ப்பவர்கள் இல்லை என்க" என்று கேட்பார். இரண்டு பக்கமும் குரல் கொடுக்கும். "ஆம் என்போர் வென்றனர்" என்று அறிவிப்பார். முடிந்தது. யார் என்ன சொன்னார் என்று எந்தத் தாளிலும் பதிவாகாது.

உறுப்பினரின் பெயரோடு வாக்கு பதிவாக வேண்டுமென்றால் டிவிஷன் நடக்க வேண்டும். அவைத்தலைவரின் அறிவிப்பை ஒரு உறுப்பினர் ஏற்காமல் டிவிஷன் கேட்டால் மணி ஒலிக்கும். மூன்றரை நிமிடம் கழித்துக் கதவுகளை மூடிவிட்டு மறுபடி கேட்பார்கள். அப்போதும் யாராவது மறுத்தால், பொத்தானை அழுத்தியோ சீட்டில் எழுதிக் கொடுத்தோ வாக்கு எடுப்பார்கள். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் யாரும் கேட்காமலே எண்ணித்தான் ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது. எதிர்த்த இருவரும் மஜ்லிஸ் கட்சியின் அசதுதீன் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும் என்று இன்று நமக்குத் தெரிவதே எண்ணி எடுத்ததால்தான்.

"எங்கள் எம்.பி.யின் வாக்குப் பதிவு" என்று நாம் தேடுவது உண்மையில் மிக மெல்லிய கோப்பு. ஐந்து வருடத்தில் நூற்றுக்கும் மேல் மசோதாக்கள் நிறைவேறும். பெயரோடு வாக்கு பதிவாவது அவற்றில் சிலவற்றுக்குத்தான். இது எனக்குப் பெரிய வருத்தம். சட்டம் நம்மைக் கட்டுப்படுத்துகிறது, அதை ஆதரித்தவர் யார் என்று அறிய நமக்கு வழியில்லை.

வழக்கறிஞர், திருச்சி: டிவிஷன் கேட்டால் அவைத்தலைவர் மறுக்கலாமா? 2020-ல் விவசாயச் சட்டங்களின்போது அப்படித்தானே நடந்தது?

விதிப்படி, ஒரே ஒரு உறுப்பினர் கேட்டாலும் போதும். மக்களவை விதி 367-ல் ஒரு விலக்கு உண்டு: தேவையில்லாமல் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் கருதினால், இரு தரப்பையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணிக்கொள்ளலாம். அப்போது பெயர் பதிவாகாது.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. மசோதாக்களை, விரிவாக ஆராயும் உறுப்பினர் குழுவான தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானங்களும் திருத்தங்களும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெயரில் இருந்தன. திமுகவின் திருச்சி சிவா, மார்க்சிஸ்ட் கட்சியின் கே.கே. ராகேஷ் போன்றவர்கள் டிவிஷன் கேட்டார்கள். துணைத்தலைவர் ஹரிவன்ஷ் எல்லாவற்றையும் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார். உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இல்லை, அவை ஒழுங்கில் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். சிவாவும் ராகேஷும் இருக்கையில் நின்றுதான் கேட்டார்கள் என்பது அவையின் ஒளிப்பதிவிலேயே தெரிகிறது என்று பின்னர் செய்தி வந்தது. மறுநாள் எட்டு எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அமளி நடந்தது உண்மை. மைக்கைப் பிடுங்கியதையும் விதிப் புத்தகத்தைக் கிழிக்கப் பார்த்ததையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் பத்து நிமிடம் அவையைத் தள்ளிவைத்து, அமைதியானதும் எண்ணியிருக்கலாம். அரசு ஜெயித்திருக்கவும் கூடும். அப்படி ஜெயித்திருந்தால், எந்தக் கட்சி எந்தப் பக்கம் நின்றது என்று விவசாயிகளுக்குப் பெயர் பெயராகத் தெரிந்திருக்கும். அந்தச் சட்டங்கள் 2021-ல் திரும்பப் பெறப்பட்டன. வாக்குப் பட்டியல் மட்டும் கடைசிவரை இல்லாமலே போய்விட்டது.

இல்லத்தரசி, கோவை: வெளிநடப்பு செய்தாலும் எதிர்த்து ஓட்டுப் போட்ட மாதிரிதானே?

இல்லைங்க. வெளியே போனவர் வாக்கு எந்தப் பக்கமும் சேராது. மொத்தம் குறைந்தால் யாருக்கு லாபம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2019 ஜூலை 30-ல் முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் 99-க்கு 84 என்று நிறைவேறியது. அந்த அவையில் அரசுக்குத் தனிப் பெரும்பான்மை கிடையாது. மசோதாவை எதிர்ப்பதாகப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்த அதிமுகவுக்கு அப்போது அங்கே 11 பேர். ஐக்கிய ஜனதா தளத்துக்கு 6 பேர். கூட்டிப் பாருங்கள். அந்த 17 பேரும் உள்ளே உட்கார்ந்து எதிர்த்திருந்தால் 101. மசோதா தோற்றிருக்கும். அதற்குச் சில நாள் முன்புதான் மக்களவையில் அதிமுகவின் ஒரே உறுப்பினர் ரவீந்திரநாத் அதே மசோதாவை ஆதரித்துப் பேசியிருந்தார். அவைக்குறிப்பில் இரண்டு பேச்சும் இருக்கின்றன.

வெளிநடப்பையும் அவைக்குறிப்பில் எழுதுவார்கள். பேச்சுகளுக்கு நடுவே, "இந்தக் கட்டத்தில் இன்னாரும் வேறு சில மாண்புமிகு உறுப்பினர்களும் அவையை விட்டு வெளியேறினர்" என்று நேரத்தோடு ஒரு வரி இருக்கும். "வேறு சில" என்பதில் உங்கள் எம்.பி. இருந்தாரா என்று அதில் தெரியாது.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்: இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா உத்தரவு இருக்கும்போது தனி உறுப்பினரின் வாக்கைப் பார்த்து என்ன பயன்?

சரியான கேள்வி ஐயா. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும் பதவி போகலாம். 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால்தான் தப்பலாம். 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தபோது, தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் கட்சியின் உத்தரவை மீறி அரசுக்கு எதிராக வாக்களித்தார். கட்சி அவரை நீக்கியது.

அதனால் டிவிஷன் பட்டியல் கட்சியின் நிலைப்பாட்டைத்தான் காட்டும். எம்.பி.யின் தனி முயற்சியைத் தெரிந்துகொள்ள, அவர் கொடுத்த திருத்தங்கள், குழுவில் எழுதிய மாற்றுக் கருத்து, தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவருவது) இவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் கொறடா சொல்லித் தரமாட்டார்.

செய்தியாளர் பயிற்சி மாணவி, சென்னை: வருகை 95 சதவீதம் உள்ளவர் நல்ல எம்.பி. என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேடிவ் ரிசர்ச் என்ற அமைப்பு ஒவ்வொரு உறுப்பினரின் வருகை, விவாதம், கேள்விகள், தனிநபர் மசோதாக்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. 17-வது மக்களவையின் (2019-24) சராசரி வருகை 79 சதவீதம். அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பதால் அவர்களுக்கு எண்ணே இருக்காது. அந்த மக்களவையில் மற்றவர்கள் காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தாலும் அன்று வந்ததாகத்தான் கணக்கு.

எதிர்க்கட்சிக்காரருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டதில் தொடங்கியது அது. இடைநீக்கம் ஆனவர்கள் கொடுத்திருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. முதல் நாள் பட்டியலில் அப்போதைய சேலம் எம்.பி. பார்த்திபன் பெயரும் இருந்தது. அன்று அவர் அவைக்கே வரவில்லை என்று தெரிந்ததும் நீக்கிக்கொண்டார்கள். விருதுநகர் தம்பி மேலே கேட்ட குற்றவியல் மசோதாக்கள் அதே வாரத்தில்தான் நிறைவேறின.

கட்டுமானத் தொழிலாளி, திருவள்ளூர்: எங்க ஊருக்கு ரோடு போடல. அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

வராது அண்ணே. எம்.பி. தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி ரூபாய். அவர் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் வழியாக வேலை நடக்கும். அது தனிக் கணக்கு. அதையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆசிரியை, தென்காசி: தனிநபர் மசோதாக்கள் எல்லாம் வெறும் சடங்கு என்கிறார்களே?

சட்டமாக ஆவது அபூர்வம் என்பது சரி. 1952-லிருந்து 14 மட்டுமே சட்டமாயின, கடைசியாக 1970-ல். ஆனால் சடங்கு என்று நான் சொல்லமாட்டேன். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருநர்களைத் தனிப் பாலினமாக அங்கீகரித்தது. அதே வருடம் சிவா மசோதா கொடுத்தார். கல்வி, வேலையில் இரண்டு சதவீத இட ஒதுக்கீடு அதில் இருந்தது. 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. தனிநபர் அலுவல்களுக்கு ஒதுக்கிய மதிய நேரம். அவை பாதி காலியாகக் கிடக்கும் நேரம் அது. அரசே மசோதா கொண்டுவரும், இதைத் திரும்பப் பெறுங்கள் என்று அமைச்சர் தாவர் சந்த் கெலோட் கேட்டுக்கொண்டார். வழக்கமாக உறுப்பினர்கள் இந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டு வாபஸ் வாங்குவார்கள். சிவா வாங்கவில்லை, வாக்கெடுப்பு வேண்டும் என்றார். மசோதா எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

மக்களவையில் அது சட்டமாகவில்லை. 2016-ல் அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்தது. பிறகு 2019 ஆகஸ்ட் 5 அன்று, காஷ்மீர் விவகாரத்தில் நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த நாளில், அரசின் புதிய மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நவம்பர் 26-ல் மாநிலங்களவைக்கு வந்தபோது தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி சிவா தீர்மானம் கொடுத்தார். 55-க்கு 74 என்று தோற்றது. அப்புறம் மசோதா மறுபடியும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இட ஒதுக்கீடு அதில் இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் ஒரு எதிர்க்கட்சி உறுப்பினர் எவ்வளவு செய்ய முடியும், எங்கே தடுக்கப்படுவார் என்பது முழுக்கத் தெரிகிறது. அரசு இந்தப் பக்கம் திரும்பியதில் அவர் மசோதாவுக்குப் பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த 55-74 மட்டும் இல்லையென்றால் அன்று எதிர்த்ததற்கு எண்ணிக்கையாக ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

போட்டித் தேர்வு மாணவர், மதுரை: குழுக்களில் நடப்பதைத் தெரிந்துகொள்ள முடியுமா?

கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கும். அறிக்கை வெளியே வரும். அறிக்கையின் பின்பகுதியில் மாற்றுக் கருத்துக் குறிப்புகள் இருக்கும்; அங்கிருந்து படிக்க ஆரம்பியுங்கள். வக்பு மசோதாவுக்கான கூட்டுக் குழுவில் 2025 ஜனவரியில் எதிர்க்கட்சிகளின் திருத்தங்கள் 10-க்கு 16 என்று தோற்றன. நம் ஊர் ஆ. ராசா அந்தக் குழுவில் இருந்தார். குறிப்புகளில் சில பகுதிகளை நீக்கிவிட்டு அறிக்கையை வைத்தார்கள். எதிர்ப்பு வந்தபின் சேர்த்தார்கள். ஏப்ரலில் மக்களவையில் 288-க்கு 232 என்று மசோதா நிறைவேறியது.

17-வது மக்களவையில் குழுக்களுக்கு அனுப்பப்பட்ட மசோதாக்கள் 16 சதவீதம் மட்டுமே. மீதியெல்லாம் நேரே அவைக்கு வந்தவை.

விருதுநகர் மாணவர், மறுபடி: சரி சார், ஒரு பட்டியலையாவது நானே பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது?

2024 டிசம்பர் 17-ம் தேதிக்கான மக்களவை அவைக்குறிப்பை நாடாளுமன்ற இணையதளத்தில் எடுங்கள். ஒரே நாடு ஒரே தேர்தலுக்கான 129-வது திருத்த மசோதாவை அறிமுகம் செய்யலாமா என்று அன்று டிவிஷன் நடந்தது. புதுக் கட்டடத்தில் மின்னணு முறையில் நடந்த முதல் வாக்கெடுப்பு. பலகையில் முதலில் வந்தது 220-க்கு 149. பொத்தானில் பதிவாகாதவர்களும் மாற்ற நினைத்தவர்களும் சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகு 269-க்கு 198 ஆனது. பழைய செய்திகளில் இரண்டு விதமான எண் இருப்பது இதனால்தான்.

குறிப்பில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு தலைப்பின் கீழ் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருக்கும். 'இல்லை' என்ற பக்கத்தில் உங்கள் தொகுதிக்காரர் பெயரைத் தேடுங்கள். இருந்தால் நல்லது. இரண்டு பக்கமும் இல்லையென்றால், அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டு ஒரு கடிதம் போடுங்கள்.