சிறுநீர்ப்பையை எடுத்தபின் பை வெளியிலா, உள்ளேயா?

அப்பாவுக்கு வயது 68, புற்றுநோயால் சிறுநீர்ப்பையை எடுக்கப்போகிறார்கள், அதன்பின் சிறுநீர் சேர வயிற்றுக்கு வெளியே ஒட்டும் பையா, உள்ளேயே தைக்கும் பையா, எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இரத்தத்தில் அவருடைய கிரியாட்டினின் அளவைப் பாருங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அது காட்டும். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

உள்பையைக் குடலை வெட்டித் தைத்துச் செய்கிறார்கள். அதில் ஒரு வகையான இண்டியானா பை என்றால் பெருங்குடலின் வலப்பகுதியும் சிறுகுடலின் கடைசித் துண்டும். குடலுக்கு உறிஞ்சுவதுதான் பழக்கம். சிறுநீர் மணிக்கணக்கில் தேங்கும்போது அதிலுள்ள அமிலத்தை மறுபடி இரத்தத்துக்கே அனுப்பிவிடும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் சமாளிக்கும். இல்லையென்றால் உள்பை வேண்டாம் என்று மருத்துவரே சொல்வார்.

அப்புறம் கை. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் துளையில் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை நுழைத்து உள்பையிலிருந்து சிறுநீரை வடிக்க வேண்டும். குடல் சளியைச் சுரந்துகொண்டே இருக்கும், அதையும் கழுவிவிட வேண்டும். கை நடுங்குகிறவருக்கு இது நடக்கிற காரியமில்லை.

வெளிப்பை என்றால் சிறுநீர் உடம்புக்குள் தேங்காது, வயிற்றுத் துளை வழியே பைக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கீழே திறந்துவிட்டால் சரி. இரவில் பெரிய பையோடு இணைத்துவிட்டுத் தூங்கலாம். தொல்லையெல்லாம் பையைத் தோலோடு பிடித்துவைக்கும் ஒட்டுத் தகட்டில்தான். அதன் ஓட்டையைப் பெரிதாக வெட்டினால் சிறுநீர் பட்டுத் தோல் புண்ணாகும். தகட்டைக் காலையில் காபி குடிக்கும் முன் மாற்றுங்கள், அப்போது சொட்டுவது குறைவு. வேட்டி கட்டுகிற இடத்தில் துளை விழக்கூடாது. அறுவைக்கு முன்பே அப்பாவை உட்காரவைத்து, குனியவைத்துத் துளை வரும் இடத்தைக் குறியிடச் சொல்லுங்கள்.

என் அப்பாவாக இருந்தால் வெளிப்பையைத்தான் கேட்பேன். ஆனால் உடம்பில் பை தொங்குவதை அவரால் சகிக்க முடியுமா என்பதை அவரிடமே கேளுங்கள்.