செயலி பின்னணிக்குப் போய் வந்ததும் தகவல் ஏன் காணாமல் போகிறது?

குமுளி, போடி பக்கம் ஏலக்காய் வியாபாரிகள் எடை பதியும் ஒரு செயலி என்று வைத்துக்கொள்வோம். பத்து மூட்டையின் எடையைப் பதிந்து, ரசீதைப் படமெடுக்க கேமராவைத் திறந்து திரும்பினால் பட்டியல் காலி.

எல்லாத் திரைகளும் பொதுவாகப் பயன்படுத்தும் தகவலே குளோபல் ஸ்டேட். அது ரேமில்தான் இருக்கும். நினைவகம் போதாவிட்டால், பின்னணியில் உள்ள செயலியை ஆண்ட்ராய்டு சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடும். திரை மூடப்படும்போது ஓட வேண்டிய ஆன்டெஸ்ட்ராய் (onDestroy) அழைக்கப்படும் என்று நம்பவே கூடாது. சிலேட்டில் எழுதிய எடை தூறலில் அழியும், பேரேட்டில் ஏற்றியது நிற்கும்.

அதனால் ஒவ்வொரு எடையையும் பதிந்த உடனே ஃபோன் சேமிப்பகத்தில் தகவலை வைக்கும் ரூம் (Room) டேட்டாபேஸில் எழுதுங்கள். வெளியேறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். எந்த மூட்டையில் நின்றோம் என்பது போன்ற சிறு விவரம் மட்டும், ஆண்ட்ராய்டு செயலியை நிறுத்தினாலும் காத்துத் திருப்பித் தரும் சேவ்டு ஸ்டேட் ஹேண்டிலுக்கு (SavedStateHandle). அதில் படத்தைத் திணித்தால் சுமார் 1 எம்பி வரம்பைத் தாண்டி செயலி கிராஷ் ஆகும்.

சோதிக்க, ஹோம் பட்டனை அழுத்திவிட்டு, கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி ஷெல்லில் (adb shell) செயலியின் பேக்கேஜ் பெயரோடு 'ஏஎம் கில்' (am kill) கொடுத்து, ரீசன்ட்ஸிலிருந்து மறுபடி திறங்கள்.

திரைக்கான தகவலை ரேமில் வைத்திருக்கும் வியூமாடலில் (ViewModel) வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். திரை சுழல்வதை அது தாங்கும், ஆனால் செயலி ஓடும் பிராசஸே நின்றால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.