போர்ட் லூயிஸில் பூர்வீக வீட்டைத் தேடாதீர்கள்

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் 1870களில் கரும்புத் தோட்ட வேலைக்காக மொரீசியஸ் போனவர், திரும்பவே இல்லை. எங்களிடம் உள்ள பழைய பாகப்பத்திரத்தில் 'மோரீசு போர்ட் லூயிஸ் போயிருக்கும் மூத்த குமாரர்' என்று வருகிறது. 1,20,000 ரூபாய் கொடுத்தால் போர்ட் லூயிஸில் அவர் வாழ்ந்த வீட்டைக் காட்டி, வம்சாவளிச் சான்றிதழும் வாங்கி, அங்குள்ள நிலத்தில் எங்கள் பங்கை மீட்டுத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். பவர் எழுதித் தரச் சொல்கிறார். நம்பலாமா? (நன்னிலம் வாசகர்)

பதில்: முதலில் அந்தப் பவர். எழுதிக் கொடுக்காதீர்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிலம் என்பது தூண்டிலில் மாட்டிய புழு. போனவருக்கு வாரிசு இருந்தால் நிலம் அவர்களுடையது. இல்லையென்றால் நூறு வருடத்துக்கு முன்பே கைமாறியிருக்கும். பங்காளி வழியில், இத்தனை தலைமுறை தள்ளி வரும் உங்களுக்கு அதில் பங்கு கிடையாது.

இப்போது அந்த வீடு. உங்கள் பத்திரம் போர்ட் லூயிஸ் என்று சொல்வது பொய்யில்லை, ஆனால் அது அவர் இறங்கிய இடம். குடியிருந்த இடமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1834லிருந்து 1910 வரை ஏறக்குறைய நாலரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள். 1849லிருந்து இறங்கியவர்களைத் துறைமுகத்தை ஒட்டிய குடியேற்றக் கிடங்கில் வைத்துப் பதிவு செய்தார்கள். இன்று அதன் பெயர் ஆப்ரவாசி காட். 2006ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கப்பலை விட்டு இறங்கினால் கருங்கல் படிகள், ஏறினால் கிடங்கு, அங்கே இரண்டு நாள். அப்புறம் தோட்டத்துக்காரன் அழைத்துப் போய்விடுவான். பாம்ப்ளமூஸ், ஃப்ளாக், கிராண்ட் போர்ட், சவான் என்று தீவெங்கும் தோட்டங்கள்தான். நகரத்தில் தங்கிக் கரும்பு வெட்ட முடியாது அல்லவா?

நகரத்தின் அமைப்பையும் பாருங்கள். வடமேற்குக் கரையில் முன்னால் கடல், பின்னால் மோக்கா மலைத்தொடர். 812 மீட்டர் உயரமுள்ள லெ பூஸ் சிகரம் நகரத்தின் தலைக்கு மேலேயே நிற்கிறது. ஈரக்காற்று தென்கிழக்கிலிருந்து வருவதால் மழையை மலையே வாங்கிக்கொள்ளும், நகரத்துக்கு வருவது புழுக்கம். 1866 முதல் 1868 வரை மலேரியா அங்கே கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றது. வசதியுள்ளவர்கள் ரயில் ஏறி க்யூர்பீப் மேட்டுநிலத்துக்குக் குடிபோனார்கள். 1892 ஏப்ரல் 29ஆம் தேதி புயல் நகரின் ஒரு பெரிய பகுதியைத் தரைமட்டமாக்கியது, தீவு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இத்தனைக்கும் தப்பி 1870களின் கூலி ஒருவரின் வீடு அங்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறதாம்! ஏஜென்ட் காட்டப்போவது ஏதோ ஒரு பழைய மரவீடு. ஊரில் அப்படி இன்னும் சில இருக்கின்றன, பார்க்க அழகாகவே இருக்கும்.

ஏஜென்டிடம் இன்னொரு துருப்புச்சீட்டும் இருக்கும்: "போர்ட் லூயிஸைக் கட்டினதே தமிழர்கள்தான், சார்." அதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஆபத்து. 1735ல் மாஹே தெ லா பூர்தொனே என்ற பிரெஞ்சு ஆளுநர் வந்து துறைமுகம், கப்பல் பட்டறை, ஆஸ்பத்திரி எல்லாம் கட்டத் தொடங்கியபோது, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்கள், தச்சர்கள், கப்பல் ஆட்களை வரவழைத்தார். இவர்கள் ஒப்பந்தக் கூலிகள் இல்லை, அந்த முறை வருவதற்கு நூறு வருடம் முந்தியவர்கள். நகரத்தின் ஓரத்தில் 'மலபார்கள் முகாம்' என்ற குடியிருப்பில் இருந்தார்கள். தமிழனை மலபார் என்று எழுதுவது அந்தக் காலத்து ஐரோப்பியர் வழக்கம். பலர் கிறிஸ்தவர்களாகிப் பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறகு வந்த தமிழ் வணிகர்களும் நகரத்தில்தான் இருந்தார்கள். இவர்களுக்கு நகரத்தில் வீடு இருந்தது, மனை இருந்தது, பத்திரம் இருந்தது. ஆனால் இவர்கள் பெயரைக் கூலிப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது, தேவாலயப் பதிவுகளிலும் பிரெஞ்சு நோட்டரி ஆவணங்களிலும் தேட வேண்டும். உங்கள் ஆள் 1870களில் போனவர், கரும்புக்குப் போனவர். இந்தக் கூட்டத்தில் சேரமாட்டார். இவர்கள் கதையைச் சொல்லி உங்கள் தாத்தாவுக்கு வீடு கட்டப் பார்க்கிறார் ஏஜென்ட்.

அப்படியானால் எங்கே தேடுவது? மலைக்கு அந்தப் பக்கம், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில். கூலிப் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், வந்த கப்பல், அனுப்பிய தோட்டம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். 1860களின் நடுவிலிருந்து புகைப்படமும் எடுத்திருக்கிறார்கள். உங்கள் ஆளுக்குப் படம் இருக்க வாய்ப்பு உண்டு.

பாகப்பத்திரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். 'இன்னார் குமாரர்' என்று வரும் இடம்தான் உங்கள் சாவி. முனுசாமிகள் ஆயிரம் பேர் போயிருக்கிறார்கள், தகப்பன் பெயர்தான் ஆளைப் பிரிக்கும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் வீரப்பன் 'வீரப்பேன்' ஆகியிருக்கலாம். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் மெட்ராஸ் என்று மட்டும் இருந்தால் மனம் தளர வேண்டாம், கப்பல் ஏறிய துறைமுகத்தையே எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஒன்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்: அவர் காரைக்காலில் கப்பல் ஏறினாரா? நன்னிலத்துக்கு அது பக்கம். அங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ரீயூனியன் தீவுக்கு ஆள் அனுப்பினார்கள். பக்கத்துத் தீவுதான், ஆனால் வேறு ஆட்சி, வேறு ஆவணக் காப்பகம்.

தோட்டத்தின் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஊர் திரும்ப இலவசக் கப்பல் என்ற ஏற்பாட்டை 1850களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே நின்றார்கள். 1880களிலிருந்து தோட்டங்கள் துண்டு துண்டாக விற்பனைக்கு வந்தபோது சேமிப்பில் கொஞ்சம் வாங்கினார்கள். ஆகவே வாரிசுகள் அந்தத் தோட்டத்தைச் சுற்றிய கிராமங்களில் இருப்பார்கள்.

வம்சாவளிச் சான்றிதழ் என்கிறாரே, அது அங்கே பிறந்தவர்களுக்கானது. 2024 மார்ச்சில் நம் குடியரசுத் தலைவர் அங்கே போனபோது, ஏழாம் தலைமுறை வரை ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) உண்டு என்று அறிவித்தார். அதற்குத்தான் அங்குள்ளவர்கள் அந்தக் காகிதத்தைக் கேட்கிறார்கள். நன்னிலத்தில் இருக்கும் இந்தியக் குடிமகனுக்கு ஓசிஐ எதற்கு?

மோக்கா காப்பகத்தில் பிறப்பு, திருமணப் பதிவுகளைச் சங்கிலியாகக் கேட்பார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் செத்தவரின் பெயரைப் பார்க்க இத்தனை காகிதம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இங்கிருக்கும் பங்காளி என்ன செய்வான், கொடுக்க அவனிடம் என்ன இருக்கிறது? இப்படிக் கதவை ஒருக்களித்து வைப்பதால்தான் வாசலில் புரோக்கர் நாற்காலி போட்டு உட்கார்கிறான். ஆனாலும் எழுதிப் பாருங்கள்: பெயர், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, தோராய வயது, போன வருடம். பாகப்பத்திரத்தின் நகலையும் இணையுங்கள், அசல் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.

பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். சுற்றுலாவாகப் போகும் இந்தியருக்கு முன்கூட்டி விசா வாங்கத் தேவையில்லை. பயணப் படிவத்தை அரசுத் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். அதற்கும் ஏஜென்ட் ஒரு தொகை சொல்லியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.