யாழ்ப்பாணத்தில் இரண்டு வயதுப் பிள்ளையோடு அதிகம் செலவில்லாமல் எங்கே போகலாம்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதிய விளக்கத்தையும் வாசித்தேன். கொழும்பில் இருந்து இடமாற்றம் கிடைத்து வந்திருக்கிறீர்கள், மகனுக்கு இரண்டு வயது, காசு கட்டி விளையாட விடுகிற இடங்களுக்கு ஒவ்வொரு கிழமையும் போகக் கட்டாது, மற்றபடி "யாழ்ப்பாணத்தில சின்னப் பிள்ளையளுக்கெண்டு ஒண்டுமே இல்லை". அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் இந்தப் பதில். உங்களில் கோபமில்லை, புதிதாக வந்த ஆளுக்கு அப்படித்தான் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் மகளுக்கும் ஏறக்குறைய உங்கள் மகனின் வயதுதான். மனைவி தாதி. சனி ஞாயிறு பார்த்து அவவுக்கு டியூட்டி போடமாட்டார்கள். ஆகவே அநேகமான சனிக்கிழமைகளில் பிள்ளை முழுநாளும் என் பொறுப்பு. அம்மம்மா வீட்டில் விட்டுவிட்டு என் அலுவலைப் பார்க்கலாம்தான், பலர் அதைத்தான் செய்கிறார்கள். நான் விடுவதில்லை. அந்தச் சனிக்கிழமைகள் எனக்கும் வேணும்.

என்னைக் கேட்டால் முதலில் ரயில். மெய்யாகத்தான் சொல்கிறேன்.

கொழும்பில் இருந்து வருகிற ரயில்கள் யாழ்ப்பாணத்தோடு முடிவதில்லை, அநேகமானவை காங்கேசன்துறைவரை போகும். யாழ்ப்பாணத்தில் சனம் பைகளோடும் பெட்டிகளோடும் இறங்கிவிடும். அந்தக் கடைசித் துண்டுக்கு யன்னலோரத்தில் வசதியாக இருந்து போகலாம். மூன்றாம் வகுப்பு ரிக்கெற் ஒன்று உங்களுக்கு மட்டும் எடுங்கள், இந்த வயதுப் பிள்ளைக்கு ரிக்கெற் இல்லை. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஊர் ஊராகப் போகும். வழியெல்லாம் செம்மண் தோட்டம், வாழை, பனை, வேலியோரம் கட்டின ஆடு, கேற்றடியில் காத்து நிற்கிற சைக்கிள்காரர். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இதற்குமேல் என்ன வேணும்? நீண்ட பயணமும் இல்லை, பிள்ளை சினக்கத் தொடங்குவதற்குள் காங்கேசன்துறை வந்துவிடும்.

அங்கே இறங்கியதும் வெளியே ஓடாதீர்கள். பாதை அங்கேதான் முடிகிறது. ஆகவே தனி இஞ்சின் பூட்டின ரயில் என்றால் இஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தால் கொண்டுபோய், மற்ற அந்தத்தில் பூட்டுவார்கள். மேடையில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதை முழுதாகப் பாருங்கள். என் மகள் முதல்தரம் பார்த்தபோது கையில் இருந்த விசுக்கோத்தைக்கூட மறந்துபோய் நின்றாள். பிறகு கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்து, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் வாருங்கள். அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் பிள்ளைக்கும் உங்களுக்கும் களைப்பாகிவிடும். பஸ் வீதியால் அடிக்கடி ஓடும், பிள்ளை அநேகமாக மடியிலேயே நித்திரையாகிவிடும்.

ரயிலில் ஏன் இவ்வளவு பிடிப்பு என்று கேட்பீர்கள். நான் பிள்ளையாக இருந்த காலத்தில் இங்கே ரயிலே இல்லை. போரால் 1990இல் நின்றுபோன சேவை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன. பாதை கிடந்த இடத்தில் பற்றை, சில இடங்களில் வீடு. பழைய ஸ்ரேசன் கட்டடத்தைக் காட்டி "இதாலதான் நாங்கள் கொழும்புக்குப் போறனாங்கள்" என்று ஐயா சொல்லுவார், எனக்கு அது கதையாகத்தான் கேட்டது. ரயிலைப் படப் புத்தகத்தில் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம்வரை திரும்பி வந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறைவரை. நான் வளர்ந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பாதையில் ரயில் ஓடக் கண்டேன். என் மகளுக்கு அது பேச்சு வரத் தொடங்கிய நாளில் இருந்தே இருக்கிறது. சத்தம் கேட்டால் "கோச்சி, கோச்சி" என்று கேற்றுக்கு ஓடுகிறாள். "இங்க ஒண்டும் இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே இதுதான் ஞாபகம் வரும்.

ஒரு சனிக்கிழமை ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு அம்மா வந்து இருந்தார். கொழும்பில் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர், மல்லாகத்தில் இறங்கவேணும் என்றார். மகளோடு நன்றாகச் சிரித்து விளையாடினார். பிறகு கேட்டார்,

"தம்பி, மனுசி எங்க?"

"டியூட்டிக்குப் போட்டா அம்மா."

"அப்ப நீர் தனியவோ பிள்ளையக் கொண்டு திரியிறீர்?"

"ஓம் அம்மா."

"அச்சச்சோ. பிள்ளை பாவம்."

நல்ல மனத்தோடுதான் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. இறங்கும்போது மகளின் கையில் ஒரு கதலிப் பழமும் வைத்துவிட்டுப் போனார். ஆனால் அந்த "பாவம்" எனக்குப் பிடிக்கவில்லை. தகப்பனோடு யன்னலோரம் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டு போகிற பிள்ளையில் என்ன பாவம்? தாய் தனியே கொண்டு போனால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நேர்மாறாக, தாய் தனியே பார்க்கில் இருந்தால் வேறு விதமாகக் கதைக்கிறார்கள், அது இன்னும் மோசம் என்று மனைவி சொல்லுவா. சரி, இதற்கு மேல் போனால் கேள்வியை விட்டுவிடுவேன். தகப்பன்மாருக்கு ஒன்று மட்டும்: பம்பஸ் மாற்ற இடம் எங்கேயும் தேடாதீர்கள், கிடைக்காது. ஒரு பழைய சாறத்தை மடித்துக் கொண்டு போங்கள். வாங்கிலில் விரித்தால் போதும்.

பின்னேரத்துக்குப் பண்ணை என்கிற கடலோரப் பகுதி. நாலரைக்கு முன்னம் போகாதீர்கள், வெயில் நிலத்தில் இருந்து திரும்பி அடிக்கும். கோட்டைக்கும் கடல்நீரேரிக்கும் பக்கத்தில் நடக்கிற பாதை இருக்கிறது, காற்று நல்லாக வரும், பிள்ளை ஓடலாம். மீன்பிடி வள்ளங்கள், மீன் பிடிக்கத் தண்ணீருக்குள் நட்டுக் கிடக்கிற களங்கண்டித் தடிகள், அதில் வந்து இருக்கிற பறவைகள், பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகிற பஸ். மாரி காலத்தில் வலசைப் பறவைகளும் வரும். கோட்டைக்குள்ளும் போகலாம், ஆனால் ஒல்லாந்தர் கட்டின கொத்தளத்துக்கு மேலே ஏறினால் பிள்ளையைக் கையில் இருந்து இறக்காதீர்கள். ஓரத்தில் தடுப்பு இல்லாத இடங்கள் இருக்கின்றன, கீழே அகழி. ஓடுகிற வயதுப் பிள்ளையோடு உள்முற்றத்தோடு நிற்பதுதான் நல்லது. கிட்டடியில்தான் சுப்பிரமணியம் பூங்கா, ஊஞ்சலும் சறுக்கும் அங்கே இருக்கிறது.

கோட்டைப் பக்கம் போனால் இன்னொன்றும் பார்ப்பீர்கள். முதலாம் பிறந்தநாள் போட்டோ சூட். ஒரு வயதுப் பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் போட்டு, பின்னேர வெயிலில் புல்லில் இருத்தி, இரண்டு பேர் கமெராவோடு, ஒருவர் கிலுக்கட்டியோடு. பிள்ளை வியர்த்து அழும். அழுகையை நிப்பாட்டிச் சிரிக்க வைக்கப் பாடுபடுவார்கள். பிறகு அந்தப் படம் ஆளுயரத்தில் மண்டப வாசலில் நிற்கும். ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு, மேடை அலங்காரம், ட்ரோன். வெளிநாட்டில் இருந்து காசு வருகிற வீட்டில் செய்யட்டும், அவர்களின் சந்தோசம். ஆனால் மாதச் சம்பளக்காரன், கடன்பட்டு, பக்கத்து வீட்டுக்காரன் செய்தான் என்று செய்கிறான். எங்கள் சொந்தத்துக்குள்ளும் நடந்தது. நாங்கள் மகளின் பிறந்தநாளுக்கு வீட்டில் பாயாசம் வைத்து, நல்லூரில் ஒரு அருச்சனை செய்தோம். அதற்கு எத்தனை பேர் முகம் கோணினார்கள் தெரியுமா? "ஒரே ஒரு பிள்ளை, ஒரு ஹோல் எடுக்கக் கூடாதோ?" என்றார்கள். இதே ஆட்கள்தான் பிள்ளைகளை எங்கேயும் கொண்டு போக வசதியில்லை என்று கவலைப்படுகிறார்கள். ஒரு நாள் மண்டபக் காசில் இந்தக் குடாநாடு முழுவதும் பல வருசம் பஸ்ஸில் சுற்றலாமே. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். செலவைப் பற்றிக் கேட்டதால் மனதில் கிடந்தது வந்துவிட்டது.

காலையில் எழும்புகிற பிள்ளை என்றால் பாசையூர் மீன் சந்தைக்குக் கொண்டு போங்கள். இதற்குப் பலர் மூக்கைச் சுளிப்பார்கள், வெடுக்கு, ஈரம், இரைச்சல் என்று. அத்தனையும் உண்மை. ஆனால் உயிரோடு அசைகிற நண்டையும், கொட்டிக் கிடக்கிற மீனையும், மீனை ஏலம் கூறுகிற குரலையும் விட ஒரு சின்னப் பிள்ளைக்கு வேறு என்ன வேடிக்கை? தோளில் வைத்திருங்கள், கீழே விடவேண்டாம். எப்படியும் வீட்டுக்கு மீன் வாங்கத்தானே வேணும், அதனால் இதைச் செலவு என்றே நான் கணக்கெடுப்பதில்லை. மரக்கறி உண்ணுகிற வீடு என்றால் திருநெல்வேலிச் சந்தை இருக்கிறது. கத்தரிக்காயைப் பிள்ளையின் கையில் கொடுத்து அதைக் கொண்டே பையில் போடவிடுங்கள். கடைக்கார அம்மாமார் நல்லாக ஒத்துழைப்பார்கள்.

நல்லூர்த் திருவிழா ஆடி ஆவணியில் 25 நாள். கோயிலைச் சுற்றி வாகனத்தை மறித்து, வீதிக்கு மணல் போட்டுவிடுவார்கள். வாகனமே இல்லாத மணல் வீதி, யோசித்துப் பாருங்கள்! பின்னேரம் பிள்ளையைச் செருப்பில்லாமல் விட்டால் அங்கேயே இருந்து மணலை அள்ளிக்கொண்டிருக்கும். தேர், தீர்த்தம் நாட்களில் கொண்டு போகாதீர்கள், சன நெரிசல் பெரியவர்களுக்கே தாங்காது. கொடியேறி முதல் சில நாட்களில் போங்கள். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகவேணும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேட்டைக் கழற்றுவது பெரிய வேலை, ஆகவே ஒரு துண்டோடு போவது வசதி. கச்சான் கடை வரிசையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் பிள்ளையின் கையில் கச்சான் வைக்கப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். இந்த வயதில் கச்சான் கொட்டை மூச்சுக்குழாயில் போனால் விபரீதம், என் மனைவி இதைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவா. அதற்குப் பதிலாக நல்லூரடியில் ஐஸ்கிறீம் கடைகள் இருக்கின்றன. ஒரு கப் வாங்கி இருவரும் சாப்பிடலாம்.

மழை நாளில் பொது நூலகத்தின் சிறுவர் பகுதி. "இரண்டு வயதுப் பிள்ளைக்கு நூலகமா" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: வாசிக்கக் கொண்டு போகவில்லை. பெரிய படம் போட்ட புத்தகத்தைத் தானே பிரட்டிப் பார்க்கிற பழக்கத்துக்குக் கொண்டு போகிறேன். சத்தம் போட்டால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். முன்னுக்கு இருக்கிற சரஸ்வதி சிலைக்கு மகள் "ஆச்சி" என்று பெயர் வைத்திருக்கிறாள், போகும்போதும் வரும்போதும் ஆச்சிக்குக் கைகாட்ட வேணும். 1981இல் எரிந்த கட்டடம், 97,000 நூல்களோடு. அந்த வாசலால் பிள்ளை ஓடி ஏறுவதைப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் எனக்குத் தொண்டை அடைக்கும். அது இந்த வயதில் அவளுக்குத் தெரியவேண்டியதில்லை.

தை மாதம் என்றால் எங்கேயும் போகவே தேவையில்லை, வாடைக்காற்றுக்கு வெளிக்கு வந்து மேலே பார்த்தால் போதும். காற்றில் ஒலிக்கிற விண் கட்டின பட்டம் இரவிரவாகக் கூவிக்கொண்டு நிற்கும். பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டப் போட்டி நடக்கும், அங்கே சனம் கூட. தோளில் வைத்துத் தூரத்தில் நின்று பார்க்கலாம்.

கடல் குளிக்க வேணும் என்றால் காரைநகர் கசூரினா. கடல் வெகுதூரத்துக்கு முழங்காலளவுதான், அலையும் பெரிதாக இல்லை, சின்னப் பிள்ளைக்கு இதைவிடப் பாதுகாப்பான கடல் இந்தப் பக்கத்தில் நான் காணவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து காரைநகருக்கு பஸ் ஓடுகிறது. கடைசித் துண்டுக்கு ஓட்டோ பிடித்தால் நல்லது. புட்டோ இடியப்பமோ வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு போங்கள், குடிதண்ணீரும். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு சுற்றுலாப் பஸ்கள் வந்து நிறைந்துவிடும், ஆகவே காலையில் போய்ப் பத்தரை பதினொன்றுக்குள் வெளிக்கிட்டுவிடுங்கள். கீரிமலையைப் பலர் சொல்லுவார்கள், நல்ல இடம்தான், ஆனால் கேணிப் படி பாசி பிடித்து வழுக்கும். நான் இன்னும் இரண்டு வருசம் பொறுப்பேன்.

ரயில் நேரம் அடிக்கடி மாறும். பாதைத் திருத்தம் என்று சில காலம் சேவை நின்றும் இருக்கிறது. பிள்ளைக்குச் சொல்லிவைக்க முதல் ஸ்ரேசனில் ஒருதரம் கேட்டுவிடுங்கள். காவலாளி இல்லாத கடவைகளில் பிள்ளையை இறக்கி வைத்து ரயில் காட்டாதீர்கள், ஸ்ரேசன் மேடையில் நின்றே காட்டுங்கள்.