ஆன்மிக நோக்கத்தோடு தனியாக, டென்ட் எடுத்துக்கொண்டு நீண்ட கார் பயணம் போக எப்படித் திட்டமிடுவது?

கோவையிலிருந்து இமயமலைப் பக்கம், ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தனியாக, சொந்த ஹேட்ச்பேக் காரில். சுற்றுலாவாக இல்லாமல் மனசுக்காகப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் தனியாகக் கார் ஓட்டிப் போய், டென்ட்டில் தங்கி வந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: 48 நாளில் பாதி நாள் வண்டிச் சாவியைத் தொடவே கூடாது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

உங்கள் பட்டியலில் கேதார்நாத், பத்ரிநாத், வைஷ்ணோ தேவி, லே, ஸ்பிதி எல்லாமே இருக்கின்றன. அத்தனையும் போனால் ஒரு மண்டலமும் ஸ்டீயரிங் முன்னால்தான் கழியும். ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் இரவு, படுத்த பிறகும் காதுக்குள் இன்ஜின் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாள் போனில் சிக்னல் தேடுவீர்கள். மூன்றாம் நாள்தான் உட்கார்ந்தால் உட்கார முடியும். அந்த மூன்றாம் நாளுக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். அது வருவதற்குள் டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினால் என்ன பயன்? ஒரே ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் ஸ்பிதி, இமாசலப் பிரதேசத்தில் உள்ள உயரமான மலைப் பள்ளத்தாக்கு.

சேலத்தில் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்தால் பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி என்று ஒரே சாலை. கோவையிலிருந்து சிம்லா ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர்; தனி ஆளாக ஓட்டுவதால் ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். சமவெளியில் டென்ட்டை வெளியே எடுக்காதீர்கள். நெடுஞ்சாலை ஓரம் பாதுகாப்பில்லை. காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம். தங்குவதற்குத் தர்மசாலைகளும் சீக்கியர்களின் குருத்வாராக்களும் இருக்கின்றன. வழியிலிருந்து கொஞ்சம் விலகினால் மகாராஷ்டிரத்தின் நாந்தேடில் ஹசூர் சாகிப் குருத்வாரா. சீக்கியரின் பத்தாம் குரு கோவிந்த் சிங் 1708-இல் மறைந்த இடம். தலையை மூடிக்கொண்டு, கால் கழுவிவிட்டு உள்ளே போங்கள். எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் தரையில் வரிசையாக உட்கார்ந்ததும் ரொட்டி கொண்டு வருவார்கள். இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்றால் யாரும் யார் என்று கேட்க மாட்டார்கள், இடம் விடுவார்கள். பயணத்தின் தொடக்கத்திலேயே இப்படி ஒரு மணி நேரம் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

ஸ்பிதிக்கு மணாலி வழியாக ஏறாதீர்கள். சிம்லா, கின்னோர் வழியே போனால் உயரம் படிப்படியாகக் கூடும்: சிம்லா 2,200 மீட்டர், கின்னோரில் உள்ள கல்பா 2,900-க்கு மேல், ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜா 3,800-க்குப் பக்கம். உடம்பு பழக நேரம் கிடைக்கும். உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியோடு வாந்தி, நடக்கும்போது தள்ளாட்டம் வந்தால் உடனே இறங்க வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது. உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி இங்கேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காஜாவில் பெட்ரோல் பங்க் உண்டு. அதைத் தாண்டி குன்சும் கணவாய், பாத்தல், கிராம்பு என்ற இடங்கள் வழியாக மணாலிக்கு இறங்கும் சாலையில் ஓடைகளைக் காரோடு கடக்க வேண்டியிருக்கும். ஹேட்ச்பேக்குக்கு அது வேண்டாம், போன வழியே திரும்புங்கள். அந்தப் பக்கம் இருக்கும் சந்திரதால் ஏரியை இந்த முறை விட்டுவிடலாம். ஏரிக்கரையில் டென்ட் போட எப்படியும் அனுமதி இல்லை.

எங்கே நிலைகொள்வது? ஸ்பிதியில் உள்ள தாபோ கிராமத்தில். 996-இல் கட்டிய புத்த மடாலயம், வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண் சுவர். உள்ளே இருட்டு. கண் பழகப் பழகத்தான் சுவர்களில் சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேலே அமர்ந்திருக்கும் சுதைச் சிற்பங்களும் அவற்றுக்குக் கீழே ஓவியங்களும் தெரிய ஆரம்பிக்கும். படம் எடுக்க அனுமதி இல்லை, அது நல்லதுக்குத்தான்: கையில் போன் இல்லாமல் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. நம் கோயில்களைப் போலவே வலமாகத்தான் சுற்ற வேண்டும். ஊருக்கு மேலே மலைச்சரிவில் துறவிகள் தவம் செய்த குகைகள் உண்டு; விடியற்காலையில் ஏறி உட்காருங்கள். டென்ட் போடுவதற்கு முன் நிலம் யாருடையது என்று விசாரித்து, கேட்டுவிட்டுப் போடுங்கள். ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களிடம் கேட்டால் முற்றத்திலேயே இடம் கிடைக்கலாம். தண்ணீரும் கழிப்பறையும் பக்கத்தில் இருப்பது தியானத்துக்கு எவ்வளவு உதவி என்பது அங்கே புரியும்.

ஆன்மிகப் பயிற்சியாக எதைச் செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். தேவாரமோ, ஜபமோ, வெறும் மௌனமோ, ஏற்கனவே பழகிய ஒன்றைச் செய்யுங்கள். புதிதாக எதையும் அங்கே போய்த் தொடங்க வேண்டாம். தினமும் ஒரே நேரம், ஓட்டும் நாளிலும் ஓட்டாத நாளிலும்.

சமையலில் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுவது சோற்றில்தான். காஜா உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் விதையாகவே நிற்கும். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று கட்டாயம். அவலும் வெல்லமும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அடுப்பு எரியாத காலையில் அதுதான் சாப்பாடு. வெறும் பியூட்டேன் சிலிண்டர் குளிரில் மக்கர் செய்யும்; ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்தது வாங்குங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினால் மலை ஏறும்போது மழை அடங்கத் தொடங்கியிருக்கும், அக்டோபர் முதல் வாரத்துக்குள் இறங்கிவிடலாம். ஸ்பிதியில் மழை குறைவு. ஆனால் வழியில் கின்னோர் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் மலை சரிந்து பேருந்து உட்பட வண்டிகள் புதைந்து பலர் இறந்தார்கள். அதனால் நான்கைந்து நாளாவது கைவசம் உபரியாக இருக்கட்டும். சாலை மூடினால் காத்திருங்கள். திறக்கவில்லை என்றால் திரும்பிவிடுங்கள், மனம் வருந்தாமல். அப்பர் கயிலைக்குப் போன கதை நமக்குத் தெரியும். கால் தேய்ந்து, தவழ்ந்து, உருண்டும் போனவரை இறைவன் திரும்பிப் போகச் சொன்னார்; கயிலைக் காட்சி திருவையாற்றில் கிடைத்தது. அந்தக் கதையை நம்புகிறவர்கள் 'போயே தீருவேன்' என்று சரியும் மலைக்குக் கீழே வண்டியை ஓட்டக் கூடாது.

தனிமை என்றால் யாருக்கும் தெரியாமல் இருப்பதல்ல. வீட்டில் ஒருவரிடம் தினமும் மாலையில் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். இரண்டு நிறுவன சிம் வையுங்கள், ஒன்று பிஎஸ்என்எல். அப்புறம், கிளம்புவதற்கு முன் ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் அனுமதியுள்ள ஒரு கேம்ப்சைட்டில் இரண்டு இரவு தனியாகத் தங்கிப் பாருங்கள். இருட்டில் டென்ட் அடிக்கவும், யார் உதவியும் இல்லாமல் டயர் மாற்றவும் அங்கேயே பழகிக்கொள்ளுங்கள்.